ஐந்து வரிச் செய்தியும் அரைப் பக்கச் செய்தியும்

நூல்கடைக்காரர், திருப்பூர்:
பனியன் கம்பெனிக் குடியிருப்புகள் நெருங்கிக் கிடக்கும் எங்கள் பகுதியில் அண்மையில் ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மாலைப் பத்திரிகை ஒன்று அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியது. கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படம். எப்படி இறந்தார் என்று விவரிக்கும் தலைப்பு. அடியில் பொடி எழுத்தில் ‘தற்கொலை எதற்கும் தீர்வல்ல’ என்ற வரியும் உதவி எண்ணும். பெட்டிக்கடைகளில் போஸ்டர் வேறு தொங்கியது. மறுநாள் காலை நாளிதழில் ஐந்தே வரி. படம் இல்லை, வர்ணனை இல்லை. எது பத்திரிகை, எது வியாபாரம் என்று இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

தறிகாரன், சென்னிமலை:
அண்ணா, அந்த ஐந்து வரியில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள்.

நூல்கடைக்காரர், திருப்பூர்:
பெயர், வயது, ‘குடும்பப் பிரச்சினை காரணமாக’, போலீசார் விசாரிக்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

தறிகாரன், சென்னிமலை:
நினைத்தேன். அரைப் பக்கத்தை நானும் படித்தேன். கார் வாங்கப் பணம் கேட்டு நச்சரித்தார்கள் என்று பெண்ணின் தாய் பிணவறை வாசலில் அழுதுகொண்டே சொன்னது அதில்தான் இருந்தது. கல்யாணமாகி ஏழு ஆண்டு நிறையவில்லை, அதனால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும் என்பதும் அதில்தான் இருந்தது. உங்கள் கண்ணியமான நாளிதழ் காவல் நிலையக் குறிப்பைப் பார்த்து எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. ‘குடும்பப் பிரச்சினை’ என்று முடித்தால் யாருக்கு வசதி? மாப்பிள்ளை வீட்டாருக்குத்தானே?

1942-இல் ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த ஏளனம் தொடர்கிறது. எளிய தமிழில் எழுதினால் மட்டம், குற்றச் செய்தி போட்டால் மட்டம். கோவையில் நவ இந்தியா நாளிதழ் போய்விட்டது, அந்தப் பெயரில் பஸ் நிறுத்தம் மட்டும் இருக்கிறது. 1977-இல் அதே கோவையில் தொடங்கிய மாலை மலர் இன்றும் வருகிறது. பக்கத்துத் தெருவில் என்ன நடந்தது என்று சொல்கிற தாளைத்தான் ஊர் காசு கொடுத்து வாங்கும்.

வாசகி, பேரூர்:
இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். தாயிடம் போய்க் கேட்டது நிருபரின் உழைப்பு. இறந்த விதத்தைத் தலைப்பில் ஏற்றியது ஆசிரியர் குழுவின் வேலை. முன்னதைப் பாராட்டுவதால் பின்னதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையை ஒட்டி இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-இல் நெறிமுறை வெளியிட்டது. தற்கொலைச் செய்தியைப் பெரிதுபடுத்தக் கூடாது, முறையை விவரிக்கக் கூடாது, பரபரப்பான தலைப்பு கூடாது. இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சல்ல. அதே மனநிலையில் இருக்கும் இன்னொருவர் அதைப் படித்துவிட்டு அதே வழியை எடுக்கக்கூடும் என்பதுதான் காரணம். விடுதியில் தங்கி ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகள் அந்தப் போஸ்டரைத் தாண்டித்தானே கம்பெனிக்குப் போகிறார்கள்? உதவி எண்ணைப் பொடி எழுத்தில் போட்டவர்களுக்கு அது தெரியாதா?

மஞ்சள் மண்டி, ஈரோடு:
இரண்டு வகைத் தாளும் மஞ்சள் விலையை மட்டும் ஒரே மாதிரி போடுகின்றன. பரபரப்பும் இல்லை, கண்ணியமும் இல்லை. நீங்கள் தொடருங்கள்.

தறிகாரன், சென்னிமலை:
போஸ்டரை நானும் ஆதரிக்கவில்லை அக்கா. ஆனால் ‘தாயிடம் கேட்காதே’ என்று எந்த நெறிமுறையும் சொல்லவில்லையே! போலீஸ் தரப்பை மட்டும் எழுதுவது பாதுகாப்பானது என்று காலை நாளிதழ்கள் நம்புகின்றன. 2019-இல் பொள்ளாச்சிப் பாலியல் வழக்கில் என்ன நடந்தது? புகார் கொடுத்த பெண்ணின் பெயரை வெளியே சொன்னவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். அரசாணையிலும் அந்தப் பெயர் இருந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. அதிகாரிகள் சொல்வதை அப்படியே எடுத்து எழுதினால் கண்ணியம் காப்பாற்றப்படும் என்று இதற்குப் பிறகுமா நம்புவது?

நூல்கடைக்காரர், திருப்பூர்:
போலீஸ் சொல்வதைப் பரபரப்புத் தாள் நம்பினால் என்ன ஆகும் தெரியுமா தம்பி? 1989 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் 97 பேர் இறந்தார்கள். லிவர்பூல் ரசிகர்கள் இறந்தவர்களிடமே திருடினார்கள் என்று போலீஸ் தரப்பிலிருந்து ஒரு பொய் கிளம்பியது. வேறு சில பத்திரிகைகளும் அதை வெளியிட்டன, ஆனால் குற்றச்சாட்டு என்ற அளவில். ‘தி சன்’ மட்டும் முதல் பக்கத்தில் ‘உண்மை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டது. 2012-இல் சுயேச்சைக் குழுவின் அறிக்கை வந்த பிறகு முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டது. லிவர்பூலில் பலர் இன்றுவரை அந்தத் தாளைத் தொடுவதில்லை. ‘கூறப்படுகிறது’ என்ற ஒரு சொல் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். உங்கள் மாலைத் தாள் அந்தத் தாயின் பேச்சை ‘புகார்’ என்று எழுதியதா, இல்லை மாமியாரைக் குற்றவாளி ஆக்கியே தலைப்புப் போட்டதா?

வாசகி, பேரூர்:
நானும் அந்த மாலைத் தாளை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ‘புகார்’ என்று இருக்கிறது. தலைப்பில் ‘கொடுமை’ என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். டீக்கடையில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு எழுந்து போகிறவர்தான் அதிகம்.

நூல்கடைக்காரர், திருப்பூர்:
அவ்வளவுதான் நான் சொன்னது. நாளைக்குக் கோட்டாட்சியர் அறிக்கை வேறு மாதிரி வந்தால், அந்தத் தலைப்பை யார் அழிப்பது? அதற்கும் அரைப் பக்கம் கொடுப்பார்களா?

தறிகாரன், சென்னிமலை:
கொடுக்க மாட்டார்கள், நாலு வரி போடுவார்கள். உங்கள் நாளிதழில் அந்த நாலு வரியும் வராது. அறிக்கை வந்தவுடன் அந்தத் தாய் மாலைப் பத்திரிகை நிருபரைக் கூப்பிடுவார். நிருபருடைய எண் அந்தத் தாயிடம் இருக்கிறது. காலை நாளிதழ் நிருபர் யாரென்று உங்கள் தெருவில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள் அண்ணா.