பெகி ஆஷ்கிராஃப்ட் திரையில் இவ்வளவு குறைவாக நடித்தது ஏன்?

கேள்வி:
சென்ற வாரம் அம்மாவுடன் ‘எ பாஸேஜ் டு இந்தியா’ படம் பார்த்தேன். மலையேறும் ரயிலைக் கண்டதுமே அது நம் நீலகிரி ரயில் என்று அம்மா சொல்லிவிட்டார். என் கவனமோ திருமதி மூராக நடித்த பெகி ஆஷ்கிராஃப்ட் மீதே இருந்தது. இரவில் மசூதிக்குள் வந்துவிட்ட அந்நிய மூதாட்டியிடம் டாக்டர் அஜீஸ் சினந்து பேசும்போது, காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வந்தேன் என்று அவர் சொல்லும் பதிலில் துளியும் நாடகத்தனம் இல்லை. 77 வயதில் ஆஸ்கர் வாங்கிய ஒருவருடைய படப் பட்டியல் இவ்வளவு சிறியதாக இருப்பது ஏன்? அவருடைய நடிப்பை மேலும் அறிய விரும்புகிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
அவர் திரைப்பட நடிகையே அல்லர் என்பதுதான் சுருக்கமான விடை. 1907-இல் லண்டனை ஒட்டிய கிராய்டனில் பிறந்தவர். தந்தை முதல் உலகப் போரில் உயிரிழந்தார். நடிப்புப் பள்ளியில் லாரன்ஸ் ஒலிவியே அவருடன் பயின்றார். 1926-இல் பர்மிங்ஹாமில் மேடையேறியவர், நான்கே ஆண்டுகளில் லண்டன் சவாய் அரங்கில் பால் ரோப்சனின் ஒத்தெல்லோவுக்கு மனைவி டெஸ்டிமோனாவாக நின்றார். கறுப்பினக் கலைஞர் ஒருவர் வெள்ளையினப் பெண்ணை மேடையில் முத்தமிடுவதைப் பொறுக்காதவர்கள் ஆஷ்கிராஃப்டுக்கு வசைக் கடிதங்கள் எழுதினார்கள். 1935-இல் நடிகர் ஜான் கில்குட் இயக்கிய ‘ரோமியோ ஜூலியட்’டில், ரோமியோவாகவும் அவன் நண்பன் மெர்குஷியோவாகவும் கில்குட்டும் ஒலிவியேவும் இடையில் வேடம் மாற்றிக்கொள்ள, இருவருக்கும் ஜூலியட் இவர் ஒருவரே. பிறகு இப்சன், செகாவ், ராட்டிகன் ஆகியோரின் நாடகங்கள் என்று நீண்ட வரிசை. 1956-இல் ‘டேம்’ பட்டம் (ஆண்களுக்கான ‘சர்’ பட்டத்துக்கு இணையானது). அறுபதுகளில் இயக்குநர் பீட்டர் ஹால் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியை உருவாக்கியபோது அதன் தூண்களில் ஒருவராக இருந்தார். இவற்றில் பெரும்பகுதி, திரை விழுந்ததும் பார்த்தவர் நினைவில் மட்டும் தங்கிவிட்டவை. நாம் இன்று பார்ப்பது அந்த வாழ்க்கையின் கடைசி வரவை மட்டுமே.

பதில் 2:
பெரும்பகுதி என்று சொன்னது சரி. ஆனால் ஒன்று தப்பியிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’, ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகங்களைச் சுருக்கி மூன்றாக்கிய ‘தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்’ 1963-இல் மேடையேறியது. பிபிசி அதைப் படமாக்கி 1965-இல் ஒளிபரப்பியது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஆஷ்கிராஃப்ட், மார்கரெட் அரசியை மணமாகி வரும் இளம்பெண்ணிலிருந்து சாபமிடும் கிழவி வரை ஒருவராகவே நடித்திருக்கிறார். சிறைபிடிபட்ட யார்க் கோமகனின் தலையில் காகித மகுடத்தைச் சூட்டி, அவருடைய பிள்ளையின் இரத்தத்தில் தோய்ந்த துணியைக் கண்ணீர் துடைத்துக்கொள்ளக் கொடுக்கும் காட்சியைப் பாருங்கள். மசூதியில் மென்மையாகப் பேசிய அந்த மூதாட்டிதானா இவர் என்று ஐயம் வரும். என்னைக் கேட்டால் இதில்தான் தொடங்க வேண்டும்.

பதில் 3:
கறுப்பு வெள்ளையில் மணிக்கணக்காக ஓடும் ஷேக்ஸ்பியரைப் புதிதாக வருபவர் தலையில் ஏற்றுவது சற்றுக் கடுமைதான். ஹிட்ச்காக்கின் ‘தி 39 ஸ்டெப்ஸ்’ (1935) எளிதில் கிடைக்கும். ஸ்காட்லாந்துக் குடியானவரின் இளம் மனைவியாகச் சில நிமிடங்களே வருகிறார். தப்பியோடும் நாயகனுக்குக் கணவரின் மேலங்கியை எடுத்துக் கொடுக்கிறார். அதன் பையில் இருந்த துதிப்பாடல் புத்தகம்தான் பின்னால் துப்பாக்கிக் குண்டைத் தாங்குகிறது. நகரத்தைப் பற்றி அவர் ஆவலோடு விசாரிக்கும் விதத்திலேயே அந்தப் பெண்ணின் மணவாழ்க்கை முழுவதும் தெரிந்துவிடும். அடுத்து ‘தி ஜுவல் இன் தி கிரௌன்’ (1984) தொடர். அதில் பார்பி பாட்செலர் என்ற ஓய்வுபெற்ற மிஷனரி ஆசிரியையாக நடித்ததை நான் திருமதி மூருக்கும் மேலாக வைப்பேன். இன்னொரு செய்தி: மூர் வேடத்துக்கு ஆஸ்கர் தந்தது துணை நடிகை விருது, பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியோ (பாஃப்டா) அதே வேடத்துக்கு முதன்மை நடிகை விருதைத் தந்தது. ஆஸ்கர் விழாவுக்கு அவர் போகவில்லை. அவர் சார்பில் நடிகை ஏஞ்சலா லேன்ஸ்பெரிதான் பெற்றுக்கொண்டார்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. அம்மா பார்பியைப் பார்க்க வேண்டும் என்கிறார். நான் இன்றிரவு மேலங்கிக் காட்சியிலிருந்து தொடங்குகிறேன். காகித மகுடத்துக்கு ஒரு விடுமுறை நாள் வேண்டும்.