ஏலத்தில் எடுத்த 1862 ரூபாய்: புள்ளியை எப்படி எண்ணுவது, விலை எதை வைத்துப் போடுவது?

கோட்டாறு_செல்வன்
வணக்கம். நாகர்கோவிலில் ஒரு பொது ஏலத்தில் பழைய காசு ஒரே லாட்டாக வந்தது, எடுத்துட்டேன். விக்டோரியா ராணி தலை போட்ட 1862 வெள்ளி ரூபாய் கொஞ்சம், செம்புச் சக்கரம் (பழைய திருவிதாங்கூர்ச் சில்லறைக் காசு) சில, சங்கு போட்ட திருவிதாங்கூர் வெள்ளிக்காசு ஒண்ணு. சங்குக் காசில் 1116னு இருக்கு. தொள்ளாயிரம் வருசப் பழசுன்னு ஏலத்தில் பக்கத்தில் நின்னவர் அடிச்சுச் சொன்னார். 1862 ரூபாயில் புள்ளி இருந்தா விலை கூடும்ங்கிறாங்க. ஒரு காசில் ஆண்டுக்குக் கீழே ஏதோ தெரியுது, புள்ளியா அரிப்பான்னு பிடிபடல. நெட்டில் இதே காசுக்கு ஆயிரத்திலும் விலை இருக்கு, லட்சத்திலும் இருக்கு. எதை நம்ப? எல்லாம் கறுத்துக் கிடக்கு, விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

தக்கலை_சங்கு
விபூதியைத் தொடாதீங்க தம்பி. குத்துவிளக்கு இல்ல இது. தேய்ச்சா மேலே நுண்ணிய கீறல் விழும், பழைய படலம் போயிடும், பிறகு திரும்ப வராது. தேய்ச்ச காசை ஏலக்காரங்க பாத்த உடனே கண்டுபிடிப்பாங்க, விலை அங்கேயே இறங்கும்.

1116 கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு. ஆவணி பிறந்தா புது வருசம். இங்கிலீஷ் வருசத்துக்கு 824 கூட்டினா 1940, ஜனவரி பிறந்த பிறகுன்னா 825 கூட்டி 1941. சித்திரைத் திருநாள் பாலராம வர்மா காலத்துக் காசு. நம்ம ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திரு-கொச்சின்னு அந்தப் பக்கம் இருந்ததால, பழைய வீட்டுப் பெட்டிகளில் இது இப்பவும் கிடைக்கும். அந்தக் காலக் கணக்கில் இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். செம்புச் சக்கரத்தையும் அலட்சியமா ஒதுக்காதீங்க, எழுத்து தெளிவா இருக்கிறதைத் தனியா எடுத்து வைங்க.

வடசேரி_வெள்ளி
புள்ளி விசயம் நான் சொல்லுதேன். 1863லிருந்து 1874 வரைக்கும் ரூபாயில் ஆண்டை மாத்தவே இல்ல, 1862ன்னே அடிச்சாங்க. எந்த வருசம் அடிச்சதுங்கிற அடையாளமாத்தான் புள்ளி வச்சாங்கங்கிறது சேகரிப்பவங்க கருத்து. பின்பக்கம் மேலே பூவுக்குப் பக்கத்திலும், ஆண்டுக்குக் கீழேயும் பாருங்க. ரெண்டையும் தனித்தனியா எண்ணிச் சேத்து எழுதணும்.

போன் டார்ச்சைக் காசுக்குச் சாய்வாப் பிடிங்க. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. புள்ளின்னா மேடா, உருண்டையா நிற்கும், ஒரு பக்கம் நிழல் விழும். அரிப்புன்னா குழி. அச்சு விரிசலில் வந்த மேடுன்னா ஓரம் ஒழுங்கா இருக்காது. தேய்மானத்தில் புள்ளி அழிஞ்ச காசும் உண்டு, அதனால மத்த எழுத்தே மங்கிப்போன காசை ‘புள்ளி இல்லாத வகை’ன்னு எழுதிடாதீங்க.

புள்ளியோடு முடியாது. ராணி ஆடையின் முன்பக்க வேலைப்பாட்டில் ரெண்டு வகை, பின்பக்க மேல்பூவில் ரெண்டு வகை. ஒண்ணில் பூ பெருசு, இதழ் நீண்டு கீழே வளையும். மத்ததில் பூ சிறுசு, இதழ் குட்டையாப் படுத்திருக்கும். ஆடை, பூ, புள்ளி மூணும் சேர்ந்ததுதான் வகை. அது தெரியாம விலை கேட்டா யாராலும் சொல்ல முடியாது.

எடை பாத்தாச்சா? 11.66 கிராம் இருக்கணும், வெள்ளி 91.7 சதவீதம். நகைக்கடையில் மில்லிகிராம் தராசு இருக்கும், கேட்டா போட்டுத் தருவாங்க.

கோட்டாறு_செல்வன்
நன்றி அண்ணாச்சி. டார்ச் சாய்ச்சுப் பாத்தேன், நிழல் விழுது, மேடுதான். எடையில் மத்தது எல்லாம் 11.5க்கு மேல. ஒண்ணு மட்டும் 9.8 காட்டுது, அதில் எழுத்தும் மழுங்கின மாதிரி, விளிம்பில் ஒரு கோடு ஓடுது.

வடசேரி_வெள்ளி
அந்த 9.8ஐத் தனியா வைங்க. புழக்கத்தில் இவ்வளவு குறைஞ்சா தலையே தட்டையாயிருக்கும். விளிம்பில் கோடும் இருக்குன்னா வார்த்து எடுத்த போலியாத்தான் படுது. அசல்னு சொல்லி யாருக்கும் கொடுக்காதீங்க.

மத்ததுக்கு விலை பாக்கும்போது ஆள் கேட்கிற விலையை விடுங்க, லட்சம்னு யார் வேணும்னாலும் போடலாம். நாணய ஏல நிறுவனங்கள் முடிஞ்ச ஏலத்தின் விலையை வெளியிடுதாங்க. அதில் உங்க வகையும், அதே அளவு தேய்மானமும் உள்ள காசு என்ன விலைக்குப் போச்சுன்னு தேடுங்க. ஒரே ஒரு ஏலத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க, ரெண்டு பேர் போட்டி போட்டா அன்னைக்கு ஏறிடும். நீங்க விற்கப் போனா கமிஷன் கழியும், வாங்கினவர் கட்டின கமிஷனும் வரியும் உங்க கைக்கு வராது. தேய்ஞ்ச சாதாரண வகைக்கு அடிவிலை வெள்ளி மதிப்பு. ஒரு காசில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி.

களியக்காவிளை_ராஜன்
ஒண்ணு சொல்லட்டும் சாரே. நெட்டில் படம் போட்டதும் ‘லட்சம் தாறோம், முதல்ல வரி கட்டுங்க’ன்னு போன் வரும். ரிசர்வ் வங்கி பேரையும் முத்திரையையும் காட்டுவாங்க. பழைய காசு வாங்கி விற்கிறதில் தங்களுக்குச் சம்பந்தமே இல்லன்னு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவிச்சிருக்கு. ஒரு ரூபா அனுப்பாதீங்க. கல்ஃபிலிருந்து யாரும் கேட்டாலும் 1862ஐ அனுப்ப முடியாது. நூறு வருசம் தாண்டின நாணயம் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், வெளிநாடு கொண்டு போகத் தடை.

கோட்டாறு_செல்வன்
ஆள் ஏற்கனவே கேட்டாச்சு, இல்லன்னு சொல்லிடுதேன். மேல்பூவைக் கிட்டத்தில் படம் எடுத்து ராத்திரி போடுதேன், இதழ் எந்த வகைன்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி.

வடசேரி_வெள்ளி
போடுங்க. ராணி ஆடையின் முன்பக்கமும் சேத்து எடுங்க. பிளாஷ் வேண்டாம், சன்னல் வெளிச்சம் போதும், அதனால ராத்திரி வேண்டாம், காலையில் எடுங்க.