அறிவியல் பணிகளின் சமூகப் பயனை மாணவர்களுக்கு எப்படி உணர்த்துவது?

கேள்வி – வேதியியல் ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால், நீட், பொறியியல் என்ற இரண்டு விடைகள்தாம் வருகின்றன. இரண்டும் கைகூடாதவர்கள் வேறு வழியின்றி பி.எஸ்சி. சேர்வதாகவே தம்மைக் கருதிக்கொள்கிறார்கள். அறிவியல் படித்தவர்களால் மக்களுக்கு விளைந்த நன்மையை எடுத்துக்காட்டினால் ஆர்வம் பிறக்கும் என்று நம்பி, சர் சி. வி. இராமனைப் பற்றியும் அப்துல் கலாமைப் பற்றியும் பேசிப் பார்த்தேன். கைதட்டினார்கள், அவ்வளவுதான். பயன் கண்டவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

மறுமொழி – ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர், வேலூர்

ஐயா, மேதைகளைப் பற்றிக் கேட்கும் மாணவர் வியப்பார். ஆனால் அந்த இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க மாட்டார். ஆகவே மனிதரை விட்டுவிட்டு, ஒரு பணி எப்படி நடந்தது என்பதைச் சொல்லுங்கள். நான் வகுப்பில் பலமுறை பயன்படுத்தியது சென்னையில் நடந்த காசநோய் ஆய்வு.

1950-களில் காசநோயாளி என்றால் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், நல்ல உணவும் காற்றும் வேண்டும் என்பதே பொதுக் கருத்து. ஏழைகளுக்கு அங்கே படுக்கை கிடைப்பதோ அரிது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் இருந்தனர். மற்றவர்கள் நெரிசலான தம் வீடுகளிலேயே, போதிய உணவும் ஓய்வும் இன்றி இருந்தனர். 1959-இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவியதாகவும் தெரியவில்லை. வீட்டிலேயே மருத்துவம் பெறும் முறை உலகெங்கும் ஏற்கப்பட்டதற்கு இது முக்கியக் காரணம்.

இதில் மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் ஒன்று உண்டு. நோயாளி மாத்திரையை உண்மையில் விழுங்கினாரா என்று அறிய, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று சிறுநீர் மாதிரி வாங்கிச் சோதித்திருக்கிறார்கள். அதைச் சோதித்தவர் யார், எக்ஸ்ரே எடுத்தவர் யார், சளியில் கிருமியை வளர்த்துப் பார்த்தவர் யார், கணக்குப் போட்டவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், மருத்துவர் அல்லாத எத்தனை பணிகள் அங்கே தேவைப்பட்டன என்பது அவர்களுக்கே புலப்படும்.

மறுமொழி – ஆய்வு மாணவி, கோவை

மேலே ஐயா கூறியதை ஏற்கிறேன். ஆயினும் வீட்டில் அப்பா கேட்கும் கேள்வி வேறு. சமூகப் பயனை மட்டும் பேசிவிட்டு வருமானத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். முதுகலை முடித்து நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது என்பதையும், மருந்துப் பரிசோதனை ஆய்வகத்தின் இளநிலைப் பகுப்பாய்வாளர் போன்ற பணிகளுக்குத் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது என்பதையும் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். உதவித்தொகை சில வேளைகளில் தாமதமாக வரும் என்பதையும் மறைக்க வேண்டாம்.

மறுமொழி – நீர்ப் பகுப்பாய்வாளர், சேலம்

தருமபுரியில் இருந்துகொண்டு எடுத்துக்காட்டுக்கு வெளியே போக வேண்டியதில்லை, ஐயா. உங்கள் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதன் பொருட்டு வந்ததுதான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரம் இல்லாவிடில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. களப் பரிசோதனைப் பெட்டியில் உள்ள சிர்க்கோனியம் கரைசலை நீரில் விட்டால், புளோரைடு கூடக் கூட இளஞ்சிவப்பு மங்கி மஞ்சளாகும். வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் கூறலாம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ச்சிய நீரையும் சோதிக்கச் சொல்லுங்கள்: நீர் வற்றுமே தவிர, புளோரைடு போகாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒரு தயக்கம்: புளோரைடு மிகுந்த நீரைக் குடித்துப் பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். இப்பாடத்தால் அவர்கள் கூசிப்போவார்களோ?

மறுமொழி – நீர்ப் பகுப்பாய்வாளர், சேலம்

பல்லைப் பற்றிய பேச்சை நீங்கள் எடுக்க வேண்டாம். ஊர் வரைபடத்தில் அடிபம்புகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் எண்ணிட்டு, நீரிலிருந்து தொடங்குங்கள். சில மாதிரிகளை மட்டும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி, மாணவர்களின் அளவீட்டோடு ஒப்பிடலாம். முடிந்தால் மாதிரிகளை மாணவர்களே நேரில் கொண்டு சென்று, அங்குள்ள வேதியியலர் என்ன படித்தார், ஒரு நாளில் என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதி வரட்டும். அனுமதிக் கடிதத்தைத் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.