அனிமோன் இல்லாமல் க்ளவுன் மீனுக்கு வேறு என்ன வைக்கலாம்?

சின்னத்தொட்டி:
வணக்கம். 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, தொடங்கி 3 மாதம் ஆகிறது. ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் இன க்ளவுன் மீன்கள் இருக்கின்றன, இரண்டும் பண்ணையில் பொரித்து வளர்ந்தவை. சாப்பாட்டில் குறையில்லை, நிறமும் நன்றாக இருக்கிறது. ஆனால் பகல் முழுக்க ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கிலேயே உடம்பை நெளித்துக்கொண்டு நிற்கின்றன, ராத்திரி விளக்கை அணைத்தால் அதே மூலையில் மேல்மட்டத்துக்குப் போய் ஒருபக்கமாகச் சாய்ந்து தூங்குகின்றன. ஒட்டி உரசிக்கொள்ள எதையோ தேடுவது போலத் தெரிகிறது.

அனிமோன் (கடலில் க்ளவுன்கள் குடியிருக்கும், கொட்டும் கைகள் உள்ள உயிர்) வைக்க இப்போது எண்ணம் இல்லை. தொட்டி இன்னும் நிலைப்படவில்லை, விளக்கும் நடுத்தரமான எல்இடிதான். டார்ச் பவளம் வை என்கிறார் ஒருவர், லெதர் என்ற மென்பவளம் என்கிறார் இன்னொருவர், சிலிகான் பொம்மை அனிமோனே போதும் என்றும் சொல்கிறார்கள். எதை வைத்தால் மீனுக்கும் நல்லது, வைக்கிற உயிருக்கும் நல்லது? எதுவுமே வைக்காவிட்டால் மீன் ஏங்கிப் போய்விடுமா?

ஆழிமூலை:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஏங்காது. கடலில் க்ளவுன் அனிமோனை விட்டு நகர்ந்தால் பெரிய மீன் எதாவது விழுங்கிவிடும், அதனால்தான் அங்கே அது இல்லாமல் முடியாது. உங்கள் தொட்டியில் துரத்த ஆள் இல்லை. பண்ணை மீன்கள் அனிமோனையே பார்க்காமல் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையும் இடுகின்றன. மூலையில் நெளிவதும் சாய்ந்து தூங்குவதும் இந்த மீனின் இயல்பு, நோய் இல்லை.

அனிமோன் வேண்டாம் என்று நீங்கள் எடுத்த முடிவு ரொம்பச் சரி. கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனிமோன் வகைகள் இருந்தாலும் க்ளவுன் இனங்கள் குடியிருப்பது ஏறக்குறைய 10 வகைகளில்தான். அதிலும் ஆசெல்லாரிஸ் இயற்கையில் தங்குவது மூன்றே மூன்றில்: மேக்னிஃபிகா, ஜைஜான்டியா கார்பெட், மெர்டென்ஸ் கார்பெட். மூன்றுமே பெரிதாக வளர்பவை, வளர்ப்பதும் கஷ்டம். கடைகளில் எளிது என்று கொடுக்கும் பபிள் டிப் அனிமோன் இந்த மீனின் இயற்கையான வீடே இல்லை, தொட்டியில் பல மீன்கள் அதை ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். அதுவும் இடம் பிடிக்கவில்லை என்றால் நடக்க ஆரம்பித்துவிடும், நடந்துபோய் வேவ்மேக்கரில் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) சிக்கினால் அது நாறித் தொட்டித் தண்ணீர் முழுவதையும் கெடுத்துவிடும்.

டார்ச் விஷயத்துக்கு வருகிறேன். டார்ச், ஹேமர், ஃப்ராக்ஸ்பான் என்ற மூன்று பவளங்களும் நீளமான, தண்ணீரில் அசையும் கைகள் உள்ளவை, அதனால் அனிமோனுக்கு அடுத்தபடியாக க்ளவுன்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பிரச்சினை மீனுக்கு இல்லை, பவளத்துக்குத்தான். மீன் ஓயாமல் உள்ளே புகுந்து புரண்டுகொண்டே இருந்தால் ஒன்றிரண்டு தலை (வாயும் கைகளும் உள்ள தனி அலகு) மட்டும் உள்ள சின்னத் துண்டு விரியவே விரியாது. விரியாவிட்டால் வெளிச்சமும் கிடைக்காது, சதை எலும்புக்கூட்டின் விளிம்பிலிருந்து மெல்லப் பின்வாங்கும், வெள்ளை ஓரம் தெரிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்துவிட்டு நோய் என்று மருந்து ஊற்றுகிறவர்கள் நிறைய. என்னைக் கேட்டால் நாலைந்து தலையாவது உள்ளதாக வாங்குங்கள், அல்லது மீனே இல்லாத தொட்டியில் வளர்த்த பிறகு கொண்டுவாருங்கள். காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 420 பிபிஎம் பக்கம் ஆடாமல் நிற்க வேண்டும், 3 மாதத் தொட்டியில் அது சுலபம் இல்லை. இன்னொன்று, டார்ச் ராத்திரியில் கொட்டும் கைகளை நீட்டும், பக்கத்து பவளத்தைப் பொசுக்கிவிடும். சுற்றிலும் ஒரு சாண் இடம் காலியாக விடுங்கள்.

லெதர்பிரியை:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் இந்தத் தொட்டிக்கு நான் டோட்ஸ்டூல் லெதரைத்தான் சொல்வேன். கல் எலும்புக்கூடு கிடையாது, அதனால் கால்சியத்துக்கு அலைய வேண்டாம், நடுத்தர வெளிச்சமே போதும், நைட்ரேட் கொஞ்சம் ஏறினாலும் பொறுத்துக்கொள்ளும். தலை விரிந்ததும் அதன் மேல் குட்டிக்குட்டிக் கைகள் எழும், மீன் அதற்கு நடுவே வயிற்றை அழுத்திப் படுத்துக்கொள்ளும். பெண் மீன் முதலில் குடியேறிவிட்டு ஆணை ஓரத்தில் மட்டும் படுக்க விடுவதைப் பார்க்கலாம். மீன் உரசுவதை லெதரின் சதை பொதுவாகத் தாங்கும்.

ஒரு நாள் திடீரென்று சுருங்கி, மேலே மெழுகு பூசியது போல் மினுமினுக்கும், ஒரு கையும் வெளியே வராது. பயப்படாதீர்கள், தோல் உரிக்கிறது. சில நாட்களில், சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேலாகி, அந்தப் படலம் கழன்று போகும். அந்த நேரத்தில் நீரோட்டம் சற்று அதிகம் கிடைத்தால் நல்லது. லெதர் தண்ணீரில் சில வேதிப்பொருட்களை விடும், பக்கத்தில் கடின பவளங்கள் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஃபில்டரில் அவற்றை உறிஞ்சும் கார்பன் இருக்கட்டும்.

டங்கன் பவளமும் நல்ல தேர்வு. கைகள் குட்டை, டார்ச் அளவுக்குக் கொட்டாது, நன்றாகத் தீனி கொடுத்தால் புதுத் தலைகள் முளைத்துக்கொண்டே போகும். மைசிஸ் என்ற குட்டி இறாலைத் தீனியாகப் போட்டால் சில க்ளவுன்கள் அதை வாயில் கவ்விக்கொண்டு வந்து டங்கனின் கைகளுக்குள் திணிக்கும், அவ்வளவு அழகு.

உப்புக்காற்று:
ப்ரோ, எதை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். யானைக்காது மஷ்ரூம் என்று பெரிய தட்டு மாதிரி, பவளத்துக்கு உறவான உயிர் ஒன்று விற்பார்கள். அது மீன் பிடித்துத் தின்னும். மீன் நடுவில் படுத்ததும் ஓரங்கள் மெதுவாக எழுந்து சுருக்குப்பை வாய் மூடுவது போல் மேலே கூடிவிடும், உள்ளே போன மீன் திரும்பி வராது. சின்ன க்ளவுன்கள் இப்படித்தான் காணாமல் போகின்றன, தொட்டியைத் தாண்டிக் குதித்துவிட்டது என்று நினைத்துத் தரையெல்லாம் தேடுவார்கள். ரோடாக்டிஸ் என்ற முடி மஷ்ரூமில் க்ளவுன்கள் தங்கும், ஆனால் கடையில் இரண்டையும் ஒரே பெயரில் கொடுப்பதுண்டு, மேற்பரப்பில் கிளைத்த புடைப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

விலை மலிவு என்று காண்டிலாக்டிஸ் அனிமோனும் எடுக்காதீர்கள். அது கரீபியக் கடல் பக்கத்து உயிர், அங்கே க்ளவுன் மீனே கிடையாது. அது கொட்டினால் க்ளவுனுக்குத் தாங்காமல் போகலாம்.

சின்னத்தொட்டி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. யானைக்காது என் பட்டியலில் இருந்தது, எடுத்துவிட்டேன். லெதர் வைத்தும் அவை அந்தப் பக்கமே போகாவிட்டால் என்ன செய்வது? பொம்மை அனிமோன் பற்றி யாரும் சொல்லவில்லையே.

ஆழிமூலை:
போகாமலும் இருக்கலாம், கட்டாயப்படுத்த வழியே இல்லை. சில ஜோடி வந்த அன்றே குடியேறும், சிலது மாதக்கணக்கில் திரும்பியே பார்க்காது, சிலது பவர்ஹெட் பம்பையும் பாசிக் கொத்தையும் விட்டு நகராது. நாம் செய்யக்கூடியது ஒன்றுதான், அவை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிற மூலைக்குப் பக்கத்தில் லெதரை வையுங்கள். வெளிச்சமும் ஓட்டமும் அங்கே ஒத்துவந்தால் வாய்ப்பு அதிகம்.

பொம்மை கெடுதல் இல்லை. உள்ளே கம்பி எதுவும் இல்லாத முழு சிலிகானாகப் பாருங்கள், பாசி படிந்தால் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். ஆனால் பொம்மையை விட மண்சட்டி மேல். மெருகு பூசாத, சாயம் அடிக்காத சின்னப் பூந்தொட்டியைப் படுக்கவைத்து, வாய் முன்பக்கம் தெரிகிற மாதிரி மூலையில் வைத்தால் பல ஜோடிகள் அதையே வீடாக்கிக்கொள்ளும். முட்டைக்காக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சட்டியோ ஓடோதான் வைக்கிறார்கள். ஒரு நாள் இரண்டும் சட்டியின் உள்சுவரை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தால் முட்டை வரப்போகிறது என்று அர்த்தம். ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கும், ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் பொரியும். அந்த நாட்களில் தொட்டிக்குள் கை விட்டால் பெண் மீன் வந்து கடிக்கும்.

சின்னத்தொட்டி:
சரி, அப்படியானால் மூலையில் சட்டி, பக்கத்தில் லெதர். டார்ச் ஆசை இருக்கிறது, தண்ணீர் ஒரே அளவில் நிற்கப் பழகிய பிறகு பார்க்கிறேன்.

லெதர்பிரியை:
லெதரைப் பசை போட்டு ஒட்டப் பார்க்காதீர்கள், வழவழப்பில் பிடிக்காது. பூச்சி நீக்கும் டிப் கரைசலில் முக்கி எடுத்து, தண்டைக் கல்லோடு சேர்த்து ரப்பர் பேண்டால் தளர்வாகக் கட்டிவிடுங்கள், அதுவாகவே ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்வரை க்ளவுன்கள் முட்டித் தள்ளிவிடும், காலையும் மாலையும் ஒரு தடவை பாருங்கள்.