இடவலம் மாறி அச்சான பழைய நிழற்படத்துக்குச் சொல்: ‘புரள்படி’?

வணக்கம். புதுச்சேரி, கடலூர் வட்டாரக் கோயில்கள், நினைவுச் சின்னங்களின் பழைய படங்களைப் பட்டியலிட ஒரு சொல் தேவை. கண்ணாடி நெகடிவில் கொலோடியன் (படம் பதியும் ஒளியுணர் பூச்சு) பூசிய பக்கம் ஆல்புமன் தாளை, அதாவது முட்டை வெண்கரு பூசிய அச்சுத்தாளைத் தொட வேண்டும். தகட்டைத் திருப்பிப் போட்டு வெயிலில் வைத்தால் இடம் வலமாகிவிடும். இடையில் கண்ணாடியின் தடிமன் நிற்பதால் கோடுகளும் மங்கும். ‘இடவல மாற்றம்’ பாடநூலில் உண்டு, ஆனால் அது நிகழ்வின் பெயர். அச்சைப் ‘புரட்டுப்படம்’ எனலாமா?

---

> ‘புரட்டுப்படம்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. புரட்டு என்றால் படமே மோசடி என்றாகிவிடும். ‘புரள்படி’ என்று வைக்கலாம். படி என்றால் நகல்தானே. ஆனால் 1839-இல் வெளியான டாகுரோடைப்பை (வெள்ளித் தகட்டிலேயே நேரே விழும் படம்) இதில் சேர்க்கக் கூடாது. அதற்கு நெகடிவே இல்லை. லென்சுக்கு முன் கண்ணாடியோ பட்டகமோ வைக்காவிட்டால் இயல்பாகவே இடவலம் மாறித்தான் விழும். அதை ‘ஆடிப்படம்’ எனலாம். வெள்ளித் தகடும் முகம் பார்க்கும் ஆடி போலத்தான் மின்னும்.

மங்கல் மட்டும் சான்றாகாது. 1858-இல் மதுரை, தஞ்சைக் கோயில்களை எடுத்த ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் லின்னேயஸ் டிரைப் பயன்படுத்தியது பெரும்பாலும் மெழுகுத்தாள் நெகடிவ். தாள் மெல்லியது, திருப்பிப் போட்டாலும் மங்கல் அவ்வளவாகத் தெரியாது. சிற்பத்தைப் பார்ப்பதே நல்லது. பெருமாளுக்கு வலக்கையில் சக்கரம், இடக்கையில் சங்கு. நடராசர் தூக்குவது இடக்கால், முயலகன் வலக்காலடியில்.

---

அங்கேதான் வழுக்கும். திருக்கோவலூர் உலகளந்த பெருமாளுக்கு வலக்கையில்தான் சங்கு. மதுரை வெள்ளியம்பலத்தில் நடராசர் கால் மாறி, வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். இவற்றைப் புரள்படி என்று ‘திருத்தினால்’ தலபுராணமே தலைகீழ். பிள்ளையார் துதிக்கையை நம்பவே வேண்டாம்; இடம்புரியும் உண்டு, பிள்ளையார்பட்டியில் வலம்புரியும் உண்டு. படத்தில் ஆள் நின்றால் பூணூலைப் பாருங்கள். வலத்தோளில் தெரிந்தால், ஒன்று பிதிர்காரியம் நடக்கிறது, இல்லையேல் தகடு புரண்டிருக்கிறது.

புதுச்சேரி ஆயி மண்டபம் இன்னும் சிக்கல். நான்கு பக்கமும் ஒரே அமைப்பு, இடவலம் மாறினாலும் கட்டடம் காட்டிக்கொடுக்காது. பின்னணிக் கட்டடங்களையோ எழுத்துப் பலகையையோதான் பிடிக்க வேண்டும்.

---

‘புரள்படி’க்கு என் ஒப்புதல் உண்டு, ஒரு வரம்போடு. கொலோடைப் (ஜெலட்டின் பூசிய தகட்டிலிருந்து மையால் அச்சிடும் முறை) அஞ்சலட்டைக்குத் தகடு நேரே தாளில் பதியும். ஆகவே அச்சகத்தார் வேண்டுமென்றே இடவலம் மாறிய நெகடிவ் செய்துகொள்வார்கள். பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் அது பிழையல்ல. அதைப் ‘புரள்தகடு’ எனப் பிரித்துச் சொல்லலாம்.

பதிவில் இப்படிப் போடுங்கள்: ‘புரள்படி, சான்று: சங்கு வலக்கையில், தலவழக்கு சரிபார்க்கப்பட்டது’. ஸ்கேன் செய்த மூலக் கோப்பைத் திருப்ப வேண்டாம். பார்வைக்கு வைக்கும் நகலை மட்டும் திருப்பினால் போதும்.