1929 ‘பிளாக் அண்ட் டான்’ பார்த்தவங்க இருக்கீங்களா?

பழம்படப்பித்தன்:
ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் நடிச்ச குறும்படம்தான், கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு மனசை விட்டுப் போகாதது அந்த ஐவர். ஒருத்தர் முதுகை ஒட்டி இன்னொருத்தர் வரிசையா நின்னு டேப் (காலணியால தரையைத் தட்டித் தாளம் எழுப்புற நடனம்) ஆடுறாங்க. பத்துக் காலும் சேர்ந்தே எழும்புது, சேர்ந்தே இறங்குது. ஒருத்தர் கொஞ்சம் பிந்தினாலும் பின்னால நிக்கிறவர் அவர் காலை மிதிச்சிருப்பார்! பளபளக்குற தரையில இன்னொரு ஐவர் தலைகீழா ஆடுறாங்க. அந்தப் பிம்பத்தையும் சேர்த்துப் பிடிச்ச இயக்குநர் டட்லி மர்ஃபிக்கு ஒரு கும்பிடு. ஆனா திடீர்னு காட்சி பல துண்டாச் சிதறுதே, அது உறுத்துது. 1924-ல் ஓவியர் ஃபெர்னான் லெஜேயோட சேர்ந்து ‘பாலே மெக்கானிக்’ங்கிற சோதனைப் படம் எடுத்த பழக்கம் அவரை விடலை. கால் தெரியணும், கேமரா வித்தை எதுக்கு?

ராத்திரிக்காட்சி:
வித்தை இல்லைங்க அது. ஓரத்துல காத்திருக்கிற நாயகி ஃப்ரெடி வாஷிங்டனோட கண்ணு. இதய நோய், ஆடினா ஆபத்து. இருந்தும் டியூக் குழுவுக்காக ஆட வந்திருக்கா. தலை சுத்துது, பார்க்கிறதெல்லாம் பலதாத் தெரியுது. கடைசியில படுக்கையில இருக்கிறப்போ டியூக் முகம் மங்குதே, அதுவும் அவ பார்வைதான். அக்காவோட பார்த்தேன். பரதம் ஆடினவ, முட்டிவலியால விட்டுட்டா. ஃப்ரெடி மேடையில விழுந்ததும் என் கையை இறுக்கிப் பிடிச்சவ, படம் முடியுற வரை விடவே இல்லை.

சலங்கை:
நான் பார்த்தது ஒரு திரையிடல்ல. பியானோவைத் தூக்கிட்டுப் போக வர்ற ரெண்டு பேரைப் பார்த்து அரங்கமே சிரிச்சுது. எனக்கு வேதனையா இருந்துச்சு. எலிங்டனை அவ்வளவு கம்பீரமாக் காட்டின இயக்குநர், இந்தக் கறுப்பினத் தொழிலாளிகளை ஏன் கோமாளியாக்கினார்? நீங்க ரெண்டு பேரும் இதைத் தொடவே இல்லையே.

புதுசாப் பார்க்கிறவங்களுக்கு: சுமார் 19 நிமிஷம்தான், போன்ல பார்க்காதீங்க. முதல்ல கால்களைப் பாருங்க, அடுத்த தடவை தரையை மட்டும். அதே வருஷம் மர்ஃபி எடுத்த ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ கட்டாயம் பாருங்க. ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் நடிச்ச ஒரே படம். அதுல ஜிம்மி மார்டெகாய் ஆடுறது கொஞ்ச நேரம்தான், அப்போ எழுந்து போயிடாதீங்க. பிறகு பாடகரும் நடிகருமான பால் ராப்சனை வச்சு மர்ஃபி 1933-ல் எடுத்த ‘எம்பரர் ஜோன்ஸ்’. ஃப்ரெடியைப் பிடிச்சவங்க 1934 ‘இமிடேஷன் ஆஃப் லைஃப்’ தேடுங்க. ‘பிளாக் அண்ட் டான்’ 2015-ல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. வண்ணம் பூசின பிரதி எதுவும் கிடைச்சா தொடாதீங்க, அந்தத் தரைப் பளபளப்புக்குக் கறுப்பு வெள்ளைதான் அழகு.

பழம்படப்பித்தன்:
பியானோ காட்சி பத்தி நீங்க சொன்னது நியாயம். ராத்திரிக்காட்சி, அவ கண்ணுன்னே இருக்கட்டும். எனக்கு அந்த ஐவரோட கால்கள் முழுசா வேணும்.