கைபேசியைக் கீழே வைத்தால் பாட்டு நின்றுவிடுகிறது: வீட்டு ஸ்ட்ரீமருக்கு உதவி தேவை

மாலைராகம்

வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

அப்பாவிடம் இருந்த குறுந்தகடுகளை எல்லாம் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வகை) கோப்புகளாக மாற்றி ஒரு நாஸ் பெட்டியில் (வீட்டு வலையமைப்பில் கோப்புகளைச் சேமிக்கும் கருவி) வைத்திருக்கிறேன். வெகு காலத்துக்கு முன் எம்.பி.3 ஆக மாற்றிய சில தொகுப்புகளும் அதில் உண்டு. நாஸ் பெட்டி ரவுட்டருடன் கம்பி மூலம் இணைந்திருக்கிறது. கூடத்தில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சிறு ஸ்ட்ரீமர், வலையமைப்பிலிருந்து பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் கருவி. அது வைஃபையில் இயங்குகிறது. பாட்டைத் தேர்ந்தெடுப்பது ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள யூ.பி.என்.பி. (வீட்டு வலையமைப்பில் கருவிகள் ஒன்றையொன்று கண்டு பேசும் முறை) செயலி வழியாக.

சிக்கல்கள் மூன்று. ஒரு தொகுப்பை முழுதாகப் போட்டுவிட்டுக் கைபேசியை மேசையில் வைத்தால் ஒன்றிரண்டு பாட்டுக்குப் பிறகு அமைதியாகிவிடுகிறது. கைபேசியை எடுத்துத் திரையைத் திறந்தவுடன் அடுத்த பாட்டு தானாகத் தொடங்குகிறது! இரண்டாவது, சில நாள் செயலிக்கு ஸ்ட்ரீமரே தென்படுவதில்லை. மூன்றாவது, கச்சேரிப் பதிவுகளில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கைதட்டல் நடுவே அறுந்து, ஒரு நொடி வெறுமை.

அப்பாவுக்குப் பார்வை மங்கல். பாட்டு நின்றால் அவரால் கைபேசியில் தேடிச் சரிசெய்ய முடியாது. நான் வீடு திரும்பும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். அதனால்தான் இதை எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று துடிக்கிறேன்.

கம்பிவழி

வைஃபைதான் காரணமாக இருக்கும். குறுந்தகட்டுத் தரம் என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 1,411 கிலோபிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பென்றால் 9,216 கிலோபிட். பலவீனமான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பக்கத்தில் புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் இருந்தால், இது திணறும். ஸ்ட்ரீமருக்கு ஈதர்நெட் கம்பி போட்டுப் பாருங்கள்.

மாலைராகம்

நன்றி. நீளமான ஈதர்நெட் கம்பி ஒன்றைத் தரையில் இழுத்து இணைத்துப் பார்த்தேன். கொஞ்சமும் மாற்றமில்லை. இரண்டாவது பாட்டு முடிந்ததும் நின்றுவிட்டது.

வெண்கலமணி

நண்பரே, ஒரு கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்லுங்கள். பாட்டின் நடுவில் நிற்கிறதா, அல்லது ஒரு பாட்டு முழுதாக முடிந்த பிறகு அடுத்தது தொடங்காமல் நிற்கிறதா?

இன்னொன்று. இணையச் சேவையிலிருந்து, உதாரணமாக ஸ்பாட்டிஃபை கனெக்ட் வழியாக, இதே ஸ்ட்ரீமரில் கேட்டால் இப்படி நிற்கிறதா?

மாலைராகம்

இப்போதுதான் உட்கார்ந்து கவனித்தேன். நடுவில் ஒருபோதும் நிற்பதில்லை. பாட்டு கடைசிவரை ஓடி முடிகிறது, அதன் பிறகுதான் அமைதி. ஸ்பாட்டிஃபையில் இந்தத் தொல்லையே இல்லை. கைபேசியை அணைத்துவிட்டாலும் பாடிக்கொண்டே இருக்கிறது.

வெண்கலமணி

அப்படியானால் உங்கள் வைஃபை குற்றமற்றது. கம்பியைச் சுருட்டி வைத்துவிடுங்கள். யாராவது தடுக்கி விழப்போகிறார்கள்.

யூ.பி.என்.பி. முறையில் மூன்று பாத்திரங்கள் உண்டு. கோப்புகளை வைத்திருக்கும் சர்வர், அது உங்கள் நாஸ். வாசித்துக் காட்டும் ரெண்டரர், அது ஸ்ட்ரீமர். இரண்டுக்கும் கட்டளையிடும் கட்டுப்படுத்தி, அது கைபேசிச் செயலி. நாஸில் உள்ள பாட்டு கைபேசி வழியாகப் போவதில்லை. 'இந்த முகவரியில் உள்ள கோப்பை வாசி' என்று கைபேசி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஸ்ட்ரீமர் நேராக நாஸிடமிருந்து கோப்பை இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் கைபேசி தூங்கினாலும் ஓடுகிற பாட்டு அறுபடுவதில்லை.

ஆனால் பாடல் வரிசை கைபேசியில்தான் இருக்கிறது. ஒரு பாட்டு முடிந்த செய்தி வந்ததும் அடுத்த முகவரியைக் கைபேசிதான் அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் ஆண்ட்ராய்டு அந்தச் செயலியைத் தூங்க வைத்திருந்தால், சொல்வதற்கு ஆளில்லை. ஸ்ட்ரீமர் காத்துக் கிடக்கிறது. ஸ்பாட்டிஃபை கனெக்டில் ஸ்ட்ரீமரே சேவையோடு பேசித் தொடர்ந்து வாங்கிக்கொள்கிறது, கைபேசி வெறும் ரிமோட். உங்கள் இரண்டு அனுபவங்களும் இந்த ஒரே வேறுபாட்டைத்தான் காட்டுகின்றன.

உறுதிசெய்ய ஒரு சோதனை. கைபேசியைச் சார்ஜரில் செருகி, திரை அணையாமல் வைத்து ஒரு தொகுப்பை ஓடவிடுங்கள். தடையின்றி ஓடினால் நான் சொன்னதுதான் காரணம்.

மாலைராகம்

ஓடியது! பதினொரு பாட்டும் ஓடின. மூன்று வாரமாக ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நிலாமுற்றம்

எனக்கும் இதே தொல்லை இருந்தது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினேன், பெரும்பாலும் சரியாகிவிட்டது. இரண்டே நிமிட வேலை, முதலில் இதைச் செய்யுங்கள்.

வெண்கலமணி

நிலாமுற்றம் சொல்வது நல்ல முதலுதவி. ஆனாலும் மாலைராகத்தின் வீட்டுக்கு இது போதாது என்பது என் எண்ணம். இவர் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினால் வரிசையும் கூடவே கிளம்பிவிடும். அப்பாவுக்கு அடுத்த பாட்டு கிடைக்காது. வரிசையைக் கைபேசியிலிருந்து வெளியே எடுத்து, எப்போதும் வீட்டிலேயே விழித்திருக்கும் ஒரு கருவியில் வைக்க வேண்டும்.

அதற்கு ஓபன்ஹோம் என்ற முறை இருக்கிறது. ஸ்காட்லாந்தின் லின் நிறுவனத்தில் பிறந்த நெறிமுறை அது. பாடல் வரிசை ரெண்டரரிடமே தங்கிவிடும். எந்தக் கைபேசியிலிருந்து பார்த்தாலும் அதே வரிசை தெரியும். முதலில் உங்கள் ஸ்ட்ரீமரின் அமைப்புகளில் ஓபன்ஹோம் என்ற தேர்வு உள்ளதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், நாஸில் பபிள்யூ.பி.என்.பி. சர்வர் என்ற மென்பொருளை நிறுவுங்கள். அதன் அமைப்புப் பக்கத்தில் ரெண்டரர் பட்டியலில் உங்கள் ஸ்ட்ரீமரைத் தேர்ந்து, அதற்கு ஓபன்ஹோம் ரெண்டரர் உருவாக்கும் பெட்டியில் குறியிடுங்கள். சாதாரண ஸ்ட்ரீமருக்கு முன்னால் ஓபன்ஹோம் முகமொன்றை அது நிறுத்திவைக்கும். பிறகு செயலியில் பழைய பெயரை விட்டுவிட்டு அந்தப் புதிய பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

மாலைராகம்

நிறுவிவிட்டேன். நாஸில் டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து இயக்கும் கருவி) வழியாக ஏற்றினேன். மென்பொருள் ஓடுகிறது, ஆனால் ரெண்டரர் பட்டியல் காலியாக இருக்கிறது.

கம்பிவழி

என் முதல் யோசனை தவறிவிட்டது, இதிலாவது உதவுகிறேன். யூ.பி.என்.பி. கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (பலருக்கு ஒருசேர அறிவிக்கும்) முகவரியில், 1900ஆம் போர்ட்டில். டாக்கரின் வழக்கமான பிரிட்ஜ் வலையமைப்புக்குள் அந்த அறிவிப்பு நுழையாது. கன்டெய்னரை, அதாவது டாக்கரின் அந்தத் தனிப் பெட்டியை, ஹோஸ்ட் வலையமைப்பில் (நாஸின் சொந்த வலையமைப்பிலேயே) இயக்குங்கள், பட்டியல் நிரம்பிவிடும்.

உங்கள் இரண்டாவது சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். ரவுட்டரில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறீர்களா? அந்தப் பக்கம் இருக்கும் கருவிகளை வீட்டு வலையமைப்பிலிருந்து பிரித்து வைப்பதுதான் அதன் வேலை. கைபேசி அதில் போய் ஒட்டிக்கொண்டால் இணையம் வரும், ஸ்ட்ரீமர் தெரியாது. கைபேசியில் வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தாலும் இதே விளைவுதான்.

மாலைராகம்

ஹோஸ்ட் என்று மாற்றியதும் ஸ்ட்ரீமர் வந்துவிட்டது.

விருந்தினர் வைஃபையும் இருக்கிறது! என் கைபேசியில் இரண்டின் கடவுச்சொல்லும் சேமிக்கப்பட்டிருந்தன. சமிக்ஞை தளரும்போது அதுவாகவே மாறியிருக்கிறது. விருந்தினர் வலையமைப்பைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டேன்.

பழைய ஆம்ப்ளிஃபையர்

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமரின் வால்யூமை எவ்வளவில் வைத்திருக்கிறீர்கள்?

மாலைராகம்

ஐயா, செயலியில் 30 விழுக்காடு. ஆம்ப்ளிஃபையர் குமிழை முக்கால்வாசி திருகியிருக்கிறேன். அமைதியான இடங்களில் மெல்லிய இரைச்சல் கேட்கிறது. பழைய ஆம்ப்ளிஃபையர் என்பதால் என்று விட்டுவிட்டேன்.

பழைய ஆம்ப்ளிஃபையர்

ஆம்ப்ளிஃபையர் மேல் பழி போடாதீர்கள். ஸ்ட்ரீமரிலிருந்து சிறிய சமிக்ஞையை வாங்கி, அதை நீங்கள் பெரிதாக்குகிறீர்கள். ஸ்ட்ரீமரின் அனலாக் பகுதியில் உள்ள இரைச்சலும் சேர்ந்து பெரிதாகிறது. டிஜிட்டலில் வால்யூமைக் குறைப்பது, 6 டெசிபலுக்குச் சுமார் 1 பிட் வீதம் துல்லியத்தை விட்டுக்கொடுப்பது. 24 பிட் பாதையில் 16 பிட் இசைக்கு மேலே 8 பிட் இடம் இருப்பதால், கணக்குப்படி 48 டெசிபல்வரை இசைத் தரவுக்கு இழப்பில்லை. ஆகவே டிஜிட்டல் வால்யூமே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டில் கேட்பது, சிறிய சமிக்ஞையோடு ஒப்பிட்டால் பெரிதாகிவிட்ட அந்த அனலாக் இரைச்சல்.

ஸ்ட்ரீமரில் நிலையான வெளியீடு என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் 100 விழுக்காடு வையுங்கள். ஒலியை ஆம்ப்ளிஃபையர் குமிழில் மட்டும் கூட்டுங்கள், குறையுங்கள். மாற்றுவதற்கு முன்னால் குமிழை முழுவதும் கீழே இறக்கிவிடுங்கள், மறந்துவிடாதீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ஒலிக் குமிழ் இல்லாத பவர் ஆம்ப்ளிஃபையரோடு நேராக இணைத்திருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. முழு ஒலியும் ஒரே நொடியில் ஸ்பீக்கரில் இறங்கும்.

உங்கள் அப்பாவுக்கும் இது வசதி. குமிழைக் கையால் தடவியே கண்டுபிடித்துவிடலாம், திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

மாலைராகம்

செய்தேன் ஐயா. குமிழ் இப்போது கால்வாசிகூடத் தாண்டவில்லை, இரைச்சலும் அடங்கிவிட்டது.

நேற்று மாலை ஒரு முழுக் கச்சேரியைப் போட்டுவிட்டு, கைபேசியோடு வெளியே போய் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

ஃபிளாக் பதிவுகளில் இடைவெளியும் போய்விட்டது. எம்.பி.3 தொகுப்புகளில் மட்டும் கைதட்டல் நடுவே ஒரு சின்ன வெட்டு இன்னும் இருக்கிறது.

வெண்கலமணி

மிக்க மகிழ்ச்சி. இடைவெளியில்லாமல் வாசிக்க, அடுத்த பாட்டின் முகவரி முன்கூட்டியே ஸ்ட்ரீமருக்குத் தெரிய வேண்டும். யூ.பி.என்.பி.யில் அதற்கான கட்டளை கட்டாயமில்லாத ஒன்று. உங்கள் ஸ்ட்ரீமர் அதை ஏற்றுக்கொள்கிறது என்று தெரிகிறது, நல்லவேளை.

எம்.பி.3 கதை வேறு. அது ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகத்தான் அடுக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லிநொடி. கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் மீதியை அமைதியால் நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் அமைதி சேரும். அதை வெட்டிவிடும் குறிப்பு கோப்பில் இருந்தாலும் எல்லாக் கருவிகளும் அதை மதிப்பதில்லை. அந்தக் குறுந்தகடுகள் இன்னும் கையில் இருக்கின்றனவா?

மாலைராகம்

பரணில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இறக்கிவிடுகிறேன். ஃபிளாக்கில் சுருக்க அளவு எவ்வளவு வைக்கட்டும்?

வெண்கலமணி

வழக்கமான 5 போதும். 8 வைத்தால் கோப்பு சற்றுச் சிறிதாகும், ஒலியில் ஒரு பிட்கூட மாறாது. எம்.பி.3 கோப்புகளையே ஃபிளாக்காக மாற்றிவிடாதீர்கள், அந்த அமைதித் துண்டும் அப்படியே கூட வரும். குறுந்தகட்டிலிருந்தே புதிதாக எடுங்கள்.